இரண்டு நாள் பின்தங்கிய கம்ப்யூட்டர்

சின்னப்பாவின் ஸ்கூட்டரைப் பெங்களூர் ஒக்கலிபுரத்தில் உதைத்தால் யஷ்வந்த்பூரில்தான் அதற்கு உறைக்கும். அதுவரை பின்னாலிருந்து தள்ளுவது டோரீனின் உத்தியோகக் கடமைகளில் ஒன்று. புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர்கள் பீன்யா தொழிற்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறை வாசலில் போய் நின்றபோது, அவளுடைய செருப்பின் குதிகால் ஒன்று தும்கூர் ரோட்டிலேயே தங்கிவிட்டிருந்தது.

"பாஸ், வலது கால் கேஸுக்கு வந்திருக்கு. இடது கால் இன்னும் ரோட்லயே இருக்கு," என்றாள்.

சின்னப்பா ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டார். இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் இலாகாவில் பழுது கண்டுபிடித்த மனிதர். ஒரு தடவை சிவாஜிநகரில் ஒரு வீட்டுப் போனில் தும்மல் சத்தம் மட்டும் வருகிறது என்று புகார் வந்தது. சின்னப்பா மூன்று மைல் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய், மூக்குப்பொடி டப்பாவைக் கவ்வியிருந்த ஒரு பெருச்சாளியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நம்பாதவர்களுக்கு அந்த டப்பாவை எடுத்துக் காட்டுவார். பெருச்சாளியைக் காட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்றபின் துப்பறியும் நிலையம் வைத்தார். டோரீன் அங்கே அவருடைய உதவியாள்; காக்ஸ் டவுன்காரி, முன்னாள் டைப்பிஸ்ட். அவளுக்கு வாயும் கையும் ஒரே வேகம். வாய்க்குத்தான் ரிப்பன் மாற்றத் தேவையில்லை.

முதலாளி பத்ரிநாத் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"பன்னெண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வரார். அதுக்குள்ள இந்தப் பொண்ணு வாயாலயே ஒத்துக்கணும். உங்களைக் கூப்பிட்டது அதுக்குத்தான். சுத்திப் பார்க்கறதுக்கு இல்லை."

'இந்தப் பொண்ணு' சுவரோரம் நின்றிருந்தாள். பெயர் சரளா. வயது இருபத்தாறு, வீடு நீலசந்திரா. ஆறு வருஷமாக இந்தப் பட்டறையின் ஒரே கம்ப்யூட்டரை ஓட்டுகிறவள். அழுது முடித்து, இனி அழுவதில்லை என்று தீர்மானித்த முகம்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய பம்ப் கம்பெனிக்குப் புது மாதிரி இரும்பில் ஷாஃப்ட் செய்து கொடுக்கும் ஆர்டர். எத்தனை டிகிரியில் எத்தனை நேரம் சூடுகாட்ட வேண்டும் என்கிற அட்டவணை கம்ப்யூட்டரில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை சரளா அதை அச்செடுத்துச் சூளைக்கு அனுப்பினாள். ஐந்நூற்றைம்பது டிகிரி என்று இருக்க வேண்டிய இடத்தில் இருநூற்றைம்பது என்று இருந்தது. சூடு போதாமல் சாயங்காலத்துக்குள் முந்நூறு ஷாஃப்டும் பல்குச்சி மாதிரி ஒடிந்தன. ஆர்டர் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய்விட்டது. அந்த அடுத்த தெருப் பட்டறையில் சரளாவின் அண்ணன் லேத் ஓட்டுகிறான்.

"ஃபைலைக் கடைசியா மாத்தின நேரம் கம்ப்யூட்டர்லயே இருக்கு," என்றார் பத்ரிநாத். "பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை, சாயங்காலம் நாலு அம்பது. மூணு மணிக்கு ஆயுத பூஜை முடிஞ்சு எல்லாரும் பொரி, கடலை வாங்கிண்டு போயாச்சு. சுத்தம் பண்றேன்னு அஞ்சு மணி வரைக்கும் தனியா இருந்தது இவ. பாஸ்வேர்டு தெரிஞ்சது எனக்கும் இவளுக்கும். நான் சனிக்கிழமை மைசூர்ல இருந்தேன். இன்னும் என்னய்யா துப்பு வேணும்?"

"அத்திம்பேர், இவா பில்லை ஏத்தறதுக்கு இதையும் நோண்டுவா," என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மேனேஜர் ஆராவமுதன். பத்ரிநாத்தின் மனைவிக்குத் தம்பி. நெற்றியில் ஸ்ரீசூர்ணம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக இருந்தது. "இவ அண்ணனையும் சேர்த்து உள்ள வைக்கச் சொல்லியிருக்கேன்."

சரளா தலையைத் தூக்கினாள். "எங்கண்ணன் பேரை எடுக்காதீங்க சார்."

"வாயைப் பாரு!" என்றார் ஆராவமுதன்.

"வாய் மட்டுந்தான் சார் மிச்சம் இருக்குது. அதையும் பன்னெண்டு மணிக்கு ஜீப்புல ஏத்திடப் போறீங்க."

டோரீனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. போய்ப் பக்கத்தில் நின்றாள். "நான் டோரீன். சும்மா ரெண்டு கேள்வி கேக்கறேன்..."

"நீங்களும் அவுரு துட்டுலதான வந்தீங்க? அவுரையே கேளுங்க."

டோரீன் நகர்ந்து நின்றாள். பிடித்தது இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது.

கம்ப்யூட்டர் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் இருந்தது. சனிக்கிழமை பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை வதங்கி மானிட்டரின் தோளில் கிடந்தது. பெட்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமும். சின்னப்பா திரையைப் பார்க்கவேயில்லை. நேராகப் பின்பக்கம் போய் மண்டியிட்டார்.

"சந்தனம் யாரும்மா வெச்சது?"

"நான்தான். சனிக்கிழமை மூணு மணிக்கு," என்றாள் சரளா வேண்டாவெறுப்பாக.

"இங்க பின்னாடி, மூடியும் பெட்டியும் சேர்ற இடத்துலகூட அப்பியிருக்கியே?"

"எந்த மிஷினானாலும் நாலு பக்கமும் வெப்போம். கெட்டியா வெச்சாத்தான் மூணு நாள் நிக்கும்."

"டோரீன், இதைப் பாரு."

டோரீன் குனிந்து பார்த்தாள். மூடிக்கும் பெட்டிக்கும் குறுக்கே அப்பிய சந்தனம் சரியாக நடுவில் பிளந்திருந்தது. மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றுக்கொன்று ஒரு நூல் விலகியிருந்தன, டைவர்ஸ் ஆன தம்பதி மாதிரி.

"மூடியைக் கழட்டி மாட்டியிருக்காங்க, பாஸ்."

"எப்போ?"

"பூஜைக்கு அப்புறம்."

"எவ்வளவு நேரத்துக்கு அப்புறம்? ஈரச் சந்தனமா இருந்தா இழுபட்டு ஈஷியிருக்கும். இது காய்ஞ்ச ஓடு மாதிரி வெடிச்சிருக்கு. சனிக்கிழமை இங்க மத்தியானத்துலேர்ந்து மழை. இவ்வளவு கெட்டியா அப்பினது ரெண்டு மணி நேரத்துல காஞ்சிருக்காது."

"சந்தனத்தை வெச்சு ஜாதகம் பார்க்கறார், அத்திம்பேர்," என்று சிரித்தார் ஆராவமுதன். பத்ரிநாத் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சின்னப்பா கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். அது எழுந்ததும் முதல் வேலையாகக் கர்ரென்று ஃப்ளாப்பியைத் தேடியது. பிறகு பாஸ்வேர்டு கேட்டது. சரளா தட்டிக் கொடுத்தாள்.

"இந்தச் சத்தம் முன்னெல்லாம் வராது," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "நேரா உள்ள போயிடும். செவ்வாக்கிழமைலேர்ந்துதான் இப்பிடி ஃப்ளாப்பியைத் தேடுது. அன்னிக்குக் காலைல பாஸ்வேர்டும் கேக்கல. மேனேஜர் சார்கிட்ட அப்பவே சொன்னேன். 'லீவுல கரன்ட் போய்ப் போய் வந்துது, அதான், நீயே திரும்பப் போட்டுக்கோ'ன்னாரு. போட்டேன்."

"பச்சைப் பொய்," என்றார் ஆராவமுதன். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை. பாஸ்வேர்டை எடுத்தது இவ, போட்டதும் இவ."

அதற்குள் திரையில் தேதி வந்து நின்று, சரியா என்று கேட்டது. வழக்கமாக எல்லோரும் பார்க்காமலே என்டர் தட்டிவிடும் இடம். சின்னப்பா சரளாவின் கையைத் தடுத்தார்.

"டோரீன், இன்னைக்கு என்ன தேதி?"

"இருபத்து மூணு. புதன்."

"கம்ப்யூட்டருக்கு?"

டோரீன் படித்தாள். "இருபத்தொண்ணு, திங்கள். அய்யோ, இது இன்னும் லீவுலயே இருக்கு மேன்!"

"பாட்டரி வீக்காயிருக்கும்," என்றார் பத்ரிநாத்.

"பாட்டரி செத்தா இது ரெண்டு நாள் மட்டும் சாகாது சார். ஒரேயடியா எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணுக்குப் போயிடும். மணியைப் பாருங்க. உங்க வாட்ச்சோட ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. மணி சரி, தேதி மட்டும் ரெண்டு நாள் குறைச்சல். இது மிஷின் பண்ற தப்பு இல்லை. மனுஷன் பண்ணினது."

அவர் விளக்கியது இதுதான். பெட்டிக்குள் பொட்டுக்கடலை அளவில் ஒரு மூடி இருக்கிறது. ஜம்பர் என்பார்கள். அதைப் பிடுங்கி இடம் மாற்றி வைத்தால் கம்ப்யூட்டருக்குத் தன் அமைப்பெல்லாம் மறந்துபோகும். பாஸ்வேர்டு, தேதி, முதலில் எந்த டிஸ்க்கைப் பார்க்க வேண்டும் என்பது, எல்லாம் கழன்று, செய்த தொழிற்சாலையை விட்டு வந்த முதல் நாளின் புத்திக்குத் திரும்பிவிடும். உள்ளே இருக்கும் ஃபைல்கள் மட்டும் அப்படியே இருக்கும்.

"எங்க அங்கிள் ராய்க்கு ரெண்டு பெக் போட்டா இதேதான்," என்றாள் டோரீன். "பேர்கூட மறந்திடும், பர்ஸ் மட்டும் பத்திரமா இருக்கும்."

"பாஸ்வேர்டு தெரியாதவன் பண்ற வேலை இது," என்றார் சின்னப்பா. "தெரிஞ்சவ எதுக்குப் பெட்டியைப் பிரிக்கணும்?"

பத்ரிநாத் முதல் தடவையாகச் சரளாவின் பக்கம் பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

ஆராவமுதன் முந்திக்கொண்டார். "அப்ப ஒண்ணு சொல்றேன். பெட்டி பிரிக்கத் தெரிஞ்சவன் சர்வீஸ் பையன் நாகேஷ். அவனும் நீலசந்திரா. ரெண்டு பேரும் கூட்டு. இப்பவே போன் பண்ணி வரவழைக்கறேன்." வேகமாகத் தன் அறைக்குப் போனார்.

அவர் கதவைச் சாத்தும்வரை சின்னப்பா காத்திருந்தார். "சரளா, இந்த ஆபீஸ்ல காலண்டர் எங்கெங்க இருக்கு?"

"எம்.டி. ரூம்ல மாசக் காலண்டர். மேனேஜர் ரூம்ல தேதி கிழிக்கிற காலண்டர். வேற இல்ல."

"யார் கிழிக்கறது?"

"வாட்ச்மேன் முனியப்பன். காலைல ரூம் தொறந்ததும் அதான் மொத வேலை. லீவு நாள்ல ரூம் பூட்டியிருக்கும். சாவி மேனேஜர்கிட்டதான்."

வாசலில் நின்றிருந்த முனியப்பன் தானாகவே சேர்த்துக்கொண்டார். "திங்கக்கெழம எனக்கும் லீவு குடுத்துட்டாருங்க மேனேஜர். விஜயதசமி, வூட்டோட இருன்னாரு. பதினோரு வருஷத்துல மொத தபா."

சின்னப்பா டோரீனின் சுருக்கெழுத்து நோட்டை வாங்கி ஒரு வரி எழுதிக் கொடுத்தார். டோரீன் படித்தாள். புருவம் ஏறியது. ஆராவமுதன் திரும்பி வந்ததும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். ஐந்து நிமிஷம் கழித்து வந்தபோது அவள் விரலெல்லாம் கோந்து.

நாகேஷ் மொபெட்டில் வந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர் பை, முகத்தில் ஏதோ மானிட்டர் வெடித்துவிட்டது என்கிற கவலை. உள்ளே வந்ததும் ஐந்து பேர் ஒரேயடியாகத் திரும்பிப் பார்த்ததில் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இந்த மிஷினை நீ பிரிச்சியா?" என்றார் சின்னப்பா.

"ஆமா சார். மேனேஜர் சார்தான் கூப்ட்டாரு. ஆப்பரேட்டர் பாஸ்வேர்டை மறந்துட்டாங்க, அர்ஜென்ட்டுன்னாரு. ஜம்பர் போட்டு கிளியர் பண்ணி, ஹார்ட் டிஸ்க், தேதி, மணி எல்லாம் செட் பண்ணிக் குடுத்துட்டுப் போனேன். லீவு நாள்ல வந்ததுக்கு டீகூட வாங்கித் தரல."

"எந்த லீவு நாள்?"

"விஜயதசமி அன்னிக்கு. திங்கள்."

ஆராவமுதன் நிதானமாகக் கையை நீட்டினார். "உன் சர்வீஸ் ரிப்போர்ட் புஸ்தகத்தை எடு."

நாகேஷ் கொடுத்தான். ஆராவமுதன் பக்கத்தைப் புரட்டிப் பத்ரிநாத்தின் மூக்குக்குக் கீழே பிடித்தார். "படியுங்கோ. இவன் கையாலயே எழுதினது. தேதி பத்தொன்பது. சனிக்கிழமை. கஸ்டமர் கையெழுத்து இடம் காலி. நான் கூப்பிட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேனா?"

"நீங்கதான் சார் அப்புறம் போடறேன்னீங்க!" நாகேஷின் குரல் கிறீச்சிட்டது. "நான் வந்தது திங்கள்!"

"ராஸ்கல், உன் எழுத்து உனக்கே பொய்யா?"

நாகேஷ் தன் எழுத்தையே பார்த்தான். பத்தொன்பதுதான். அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டதை டோரீன் கண்ணால் கண்டாள். சரளா சுவரில் சாய்ந்துகொண்டாள். வெளியே ஜீப் வந்து நின்றது. மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா உள்ளே வந்தார். உலகத்தில் எல்லோரும் ஏதோ ஒரு செக்‌ஷனில் அடங்குவார்கள் என்று நம்பும் மீசை. "ஏன் சமாச்சார? யாரு அந்த ஹுடுகி, அந்தப் பொண்ணு? இவளா?"

"இவளும் இவனும்," என்றார் ஆராவமுதன்.

"சரி, ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போகலாம்," என்றார் சின்னப்பா. டோரீனே திடுக்கிட்டாள். "எனக்கு ஒரு சின்ன ஃபார்மாலிட்டி. மேனேஜர் ரூம்ல மேஜை பெரிசு. அங்க போய் எழுதிடலாம்."

எல்லோரும் ஆராவமுதனின் அறைக்குப் போனார்கள். அவர் நாற்காலியில் அமர்ந்தார். நாகேஷை எதிரில் உட்கார வைத்து, ரிப்போர்ட் புத்தகத்தை அவன் முன் தள்ளினார் சின்னப்பா.

"இன்னைக்கும் சர்வீஸ் கால்ல வந்திருக்கியே, தம்பி. ரிப்போர்ட் எழுது. மேனேஜர் கையெழுத்துப் போடுவார்."

நாகேஷ் புத்தகத்தை இழுத்துக்கொண்டான். ஒரு நாளைக்கு எட்டு ரிப்போர்ட் எழுதுகிற கை அது. பேனாவைத் திறந்தான், மணிக்கட்டைத் திருப்பித் தன் பழைய வாட்ச்சில் நேரம் பார்த்து எழுதினான். அந்த வாட்ச்சில் மணி உண்டு, தேதி கிடையாது. எழுதுகிறவன் தலையைத் தூக்காமலே, பழக்கத்தில் கேட்டான்:

"சார், டேட் இன்னா இன்னிக்கு?"

ஆராவமுதன் நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தார். "இருபத்திரண்டு."

நாகேஷ் இருபத்திரண்டு என்று எழுதினான்.

இன்ஸ்பெக்டர் தன் டைரியைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "ஏன்ரீ, இவத்து இப்பத்மூரு அல்வா? இருபத்து மூணு."

பத்ரிநாத் தன் வாட்ச்சைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். காலண்டரில் கொட்டை எழுத்தில் இருபத்திரண்டு என்று இருந்தது. மேல்விளிம்பில் கோந்து இன்னும் ஈரமாக மினுங்கியது.

"ஸாரி சார்," என்றாள் டோரீன். "நேத்து ஷீட்டைக் குப்பைக்கூடைலேர்ந்து எடுத்து நான்தான் திரும்ப ஒட்டினேன். பாவம், ஒரு நாள்ல ரிட்டயர் பண்ணிட்டாங்க."

"இது சூழ்ச்சி!" ஆராவமுதன் எழுந்தார். "காலண்டர்ல இருந்ததைச் சொன்னேன். காலண்டர் தப்புன்னா அதுக்கு நான் என்ன பண்றது? அன்னிக்கும் இதே மாதிரி கிழிக்காம..."

வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் தாமதமாக.

"என்னிக்கு?" என்றார் சின்னப்பா.

ஆராவமுதன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நானே சொல்றேன். திங்கட்கிழமை. ரெண்டு நாளா யாரும் கிழிக்காத காலண்டர். இந்தப் பையன் தேதி கேட்டான், நீங்க சுவரைப் பார்த்துச் சொன்னீங்க. கம்ப்யூட்டர்லயும் பத்தொன்பது, ரிப்போர்ட்லயும் பத்தொன்பது. அவன் போனப்புறம் உட்கார்ந்து நம்பரை மாத்தினீங்க. இதுல வேடிக்கை என்னன்னா சார், இந்தப் பொண்ணு மேல பழி போடணும்னு நீங்க திட்டமே போடலை. யாரோ அச்சுப் பிழைன்னு போயிடும்னு நினைச்சீங்க. நேத்து உங்க அத்திம்பேர் ஃபைல் தேதியைப் படிச்சப்பதான் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், பழி தானாப் போய் இவ மேல உட்கார்ந்திருக்குன்னு. நீங்க அதை எழுப்பி விடலை. அவ்வளவுதான்."

"எதுக்குடா?" பத்ரிநாத் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார். "எதுக்கு?"

ஆராவமுதனின் முகம் மாறியது. பயம் போய், பழைய வெறுப்பு ஒன்று மேலே வந்தது. "பதினாலு வருஷமா மேனேஜர். 'மாப்ளே, கேட்டைப் பூட்டினியா'ன்னு கேட்பேள். அடுத்த தெருப் பட்டறைக்காரா என்னைப் பார்ட்னரா வாங்கோன்னு கூப்பிட்டா. ஆர்டரோட வாங்கோன்னா."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். பத்ரிநாத் சட்டென்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேண்டாம் இன்ஸ்பெக்டர். இது குடும்ப விஷயம். கம்ப்ளெயின்ட் வாபஸ். ஏம்மா சரளா, நீ போய் உன் வேலையைப் பாரு. எல்லாம் பழையபடி இருக்கட்டும்."

சரளா நகரவில்லை.

"நேத்து சாயங்காலம் நாப்பது பேருக்கு முன்னால என் பையைக் கொட்டிப் பாத்தீங்களே சார். டிபன் பாக்ஸைத் தொறந்து பாத்தீங்க. அதுவும் பழையபடி ஆயிடுமா?"

"என்னம்மா வேணும் உனக்கு?"

"கம்ப்ளெயின்ட்ல எம்பேரை எழுதினது உங்க கை. அதை அடிக்கிறதும் உங்க கையாத்தான் இருக்கணும்."

அவள் கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். மூன்று நிமிஷத்தில் ஒரு காகிதத்தோடு வந்து அதைப் பத்ரிநாத்தின் முன்னால் வைத்தாள். டோரீன் தலைகீழாகவே படித்துவிட்டாள். நான்கே வரி. சரளா மேல் கொடுத்த புகார் பொய். அளவை மாற்றியவர் ஆராவமுதன். இப்படிக்கு, நிர்வாக இயக்குநர்.

"டைப்பிங் மிஸ்டேக் ஒண்ணுகூட இல்லை," என்றாள் டோரீன்.

"இதுல நான் கையெழுத்துப் போட்டா இவன் அக்கா இருக்கற ஆத்துல கால் வைக்க முடியாது," என்றார் பத்ரிநாத். "போட மாட்டேன். என்ன பண்ணுவே?"

சரளா ஒன்றும் பண்ணவில்லை. நின்றாள்.

வாசலில் இருந்த முனியப்பனைக் காணோம் என்பதை டோரீன் அப்போதுதான் கவனித்தாள். மேனேஜர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு லேத் நின்றது. பிறகு பக்கத்து லேத். ட்ரில்லிங் மிஷின் நின்றது. கம்ப்ரெஸர் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. நாற்பது பேர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

பத்ரிநாத் அவர்களைப் பார்த்தார். மச்சினனைப் பார்த்தார். சின்னப்பாவை, ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன் என்கிற மாதிரி பார்த்தார். பிறகு குனிந்தார்.

பீன்யாவில் பட்டப்பகலில் ஒரு பேனா காகிதத்தில் கீறும் சத்தம் கடைசி லேத் வரைக்கும் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.